தேங்காய்க்குப் பொருந்தாத சமன்பாடு

எங்கள் கல்லூரியில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லமாட்டார் என்பதற்காக அல்ல. சொல்வார். அவர் சொல்லி முடித்தபின், கேட்டவருக்கு முன்பு தெரிந்திருந்ததும் தெரியாமல் போய்விடும்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு நான் அங்கே கணித விரிவுரையாளராகச் சேர்ந்தேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த தனியார் பொறியியல் கல்லூரி. ஆனி, ஆடியில் காற்று அடித்தால் ஆசிரியர் அறையின் ஜன்னலைத் திறக்க முடியாது. விடைத்தாள்கள் பறந்து வராந்தாவுக்குப் போய்விடும். அவர் எனக்கு முன்பே கெமிக்கல் துறையில் இருந்தார். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. அப்பா கட்டுமரத்தில் போனவர். மகன் படித்து, பல்கலைக்கழகம் வரை போய்விட்டு, இங்கே வந்து சேர்ந்திருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். யாராவது ஏதாவது கேட்டால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். பதில் சொல்லி முடிக்கும்வரை அதைத் திரும்பப் போடமாட்டார். கேட்டவரின் முகம் தெரிந்தால் பதில் மாறிவிடும் என்று பயப்படுகிறவர் போல இருக்கும்.

எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். அவர் மட்டும் டீச்சர் என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், புள்ளிகளுக்குக் கோடு பொருத்துத கணக்கு நீங்கதானே எடுக்கிறிய?"

"ஆமா சார்."

"எனக்கு ஒரு எண்ணெய் சரியா வரமாட்டேங்குது."

ஏதோ சமையல் விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் ஆராய்ச்சியைச் சொன்னார். நான் புரிந்துகொண்டது இதுதான். சோடாவில் நுரைக்கிற கார்பன் டை ஆக்சைடை ஓர் அளவுக்குமேல் சூடாக்கி, ஓர் அளவுக்குமேல் அழுத்தினால் அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. வாயுவைப்போல எந்த இடுக்கிலும் நுழையும். திரவத்தைப்போல எண்ணெயைக் கரைக்கும். அதைக் கொப்பரைத் தூளுக்குள் செலுத்தி, வெளியே எடுத்து அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துவிடும், எண்ணெய் மட்டும் மிஞ்சும். எந்த அழுத்தத்தில், எந்தச் சூட்டில் எவ்வளவு எண்ணெய் கரையும் என்று முன்கூட்டியே சொல்கிற சமன்பாட்டை உண்டாக்குவது அவர் வேலை.

"சூடாக்கினா கூடுதல் கரையும், இல்லியா சார்? சீனி மாதிரி," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"கூடும். ஆனா அழுத்தம் கொறவா இருந்தா, சூடாக்கினா கொறயும்."

"கொறயுமா?"

"வாயு விரிஞ்சு லேசாயிரும்லா. லேசானா கரைக்கப் பெலம் இருக்காது. அழுத்தம் நல்லா கூடுதலா இருந்தா அவ்வளவு விரியாது. அப்பம் சூட்டுக்கு எண்ணெய்தான் எளகி வரும். ஒரு அழுத்தத்துக்குக் கீழ ஒரு மாதிரி, மேல நேர் எதிர்."

"அந்த அழுத்தம் எது?"

"சோயாவுக்குத் தெரியும். கடுகுக்குத் தெரியும். தேங்காய்க்குத்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

மற்ற எண்ணெய்களுக்குப் பொருந்தும் சமன்பாடு தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் பொருந்தவில்லை. அதன் மூலக்கூறுகள் கொஞ்சம் சிறியவை, அதனால் சுலபமாகக் கரையும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுலபமாக என்பதில்தான் குழப்பம். அதை அளந்து பார்க்கும் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. வாங்கும் வசதியும் இல்லை. வெளிநாட்டில் யார் யாரோ அளந்து எழுதிய எண்களை வைத்துக்கொண்டுதான் அவர் கணக்குப் போட்டார். அந்த எண்களை வரைபடத்தில் வைத்தால் சிந்திய அரிசி மாதிரி கிடக்கும்.

நான் கணினியில் கோடு பொருத்திக் கொடுத்தேன். சில புள்ளிகளை விட்டுவிட்டால் கோடு வழுவழுவென்று போனது. அதை அவரிடம் காட்டினேன். அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டியும் அதைத்தான் சொன்னாராம்.

"எதுக்கு விடணும் டீச்சர்?"

"பொருந்தல்லியே சார்."

"அவன் அளந்துல்லா எழுதியிருக்கான்."

எந்தப் புள்ளியையும் விட அவர் சம்மதிக்கவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஏதாவது கட்டுரை கிடைக்கும். இன்னும் சில புள்ளிகளோடு வருவார். நானும் திரும்பப் பொருத்துவேன். கோடு இன்னும் மோசமாகும். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போவார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஒருமுறை கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. துறையில் ஆராய்ச்சி கடைசிக் கட்டத்தில் இருப்பதாகச் சொல்லும்படி பிரின்சிபால் அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். குழுவில் ஒருவர் கேட்டபோது அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடைசிக் கட்டமா முதல் கட்டமான்னு எனக்கே பிடிகிட்டல்ல சார்," என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டார். பிரின்சிபால் சிரிக்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத ஒன்றும் நடந்தது. நான் சேர்ந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று எங்கள் அறை ஆசிரியர்கள் சிலர் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்குப் பிறகு அவர் அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து நாகர்கோவிலில் வாடகை வீட்டில் வைத்திருந்தார். அம்மா எங்களுக்குக் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு வருசம் ஒண்ணு ஆவுது," என்றாள். "இனி வராதுல்லா மக்கா?"

எங்கள் எல்லோர் முன்னாலும்தான் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதும்மா."

அம்மா உள்ளே போய்விட்டாள். நாங்கள் முறுக்கைக் கடித்தால் சத்தம் கேட்குமே என்று கையில் வைத்துக்கொண்டு இருந்தோம். திரும்பி வரும்போது கூட வந்த ஆசிரியை, "வராதும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா இவருக்கு என்ன கொறஞ்சு போவும்?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படியிறங்கும்போது கவனித்தேன். அது மாடி வீடு. கீழ் வீடு பூட்டிக் கிடந்தது, வாடகைக்கு என்று பலகை தொங்கியது. முழங்கால் வலிக்கிற அம்மாவை, கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், அவர் மாடியில் குடிவைத்திருந்தார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்வதா, இது எந்த வகைப் பாசம் என்று கேட்பதா, எனக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி குவைத்தில் நர்ஸ். ஒரே மகளும் அங்கேதான். இதைப்பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு உண்டு. அவள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், இவர் எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பார்கள். அவள் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அது உறுதியாகத் தெரிந்திருந்தது. எனக்கும்தான். ஒருநாள் நானே கேட்டேன்.

"எப்பம் சார் போறிய?"

"இது தெளியட்டு டீச்சர்."

"தெளியல்லன்னா?"

மணி அடித்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

என் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வேலை முடிந்து திரும்பி வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. வந்த கையோடு ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று அலைந்தான். யாரோ அவனிடம் இந்த வாயு முறையில் எடுக்கும் தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சூட்டு வாடை இருக்காது, ரசாயனம் கிடையாது, வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகும். மெஷின் விற்கிறவர்கள் வழுவழுப்பான தாளில் ஓர் அறிக்கையும் கொடுத்திருந்தார்கள். பெரிய அழுத்தம் தாங்கும் மெஷினுக்கு விலை அதிகம். சின்னதை வாங்கிச் சூட்டைக் கூட்டினாலே போதும், அதே அளவு எண்ணெய் இறங்கும் என்று அதில் இருந்தது. அண்ணன் சுசீந்திரத்துப் பக்கம் இருந்த வயலை விற்கப் பேசிவிட்டான். அந்த வயலின் நெல்லில்தான் எங்கள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உங்க காலேஜுல ஒரு எண்ணெய் சாரு இருக்காருன்னு சொல்லுவியே. அவருகிட்ட இதைக் காட்டு," என்றான்.

காட்டினேன். ஒரு வாரம் வைத்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கே வந்தார். அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, எதிரில் உட்கார்ந்தான்.

"சார், எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். வாங்கலாமா, வாங்கண்டாமா?"

"இவங்க காட்டுத கணக்கு பெரிய மெஷின்ல சோயாவுக்கு அளந்தது. இந்தச் சின்ன மெஷின்ல சோயாவைப் போட்டுச் சூடாக்கினா எண்ணெய் கொறயத்தான் செய்யும்."

"அப்பம் வாங்கண்டாம்."

"தேங்காய்க்கு ஒருவேளை கூடலாம்."

"அப்பம் வாங்கலாமா?"

"கொறயுததுக்கும் கூடுததுக்கும் நடுவுல எங்கயோ அந்த எடம் இருக்கு. நம்ம எண்ணெய்க்கு அது எங்கன்னு எனக்குத் தெரியாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் காப்பித் தம்ளரைப் பார்த்தேன். அவர் போனபிறகு அண்ணன், "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட எனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்து," என்றான். மறுவாரம் அட்வான்ஸ் அனுப்பப்போவதாகவும் சொன்னான்.

திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். அவர் அவசரமாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"டீச்சர், அண்ணன்கிட்ட அட்வான்ஸ் இப்பம் குடுக்கண்டாம்னு சொல்லுங்க. திருவனந்தபுரத்துல எங்கூடப் படிச்ச பிள்ளை ஒரு லேபுல இருக்கா. அங்க அந்தக் கருவி உண்டும். கேட்டுட்டேன். ஒருநாள் தருதாளாம்."

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தேன்.

"சார், அங்க கருவி இருக்குன்னு உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"அவ வேலைக்குச் சேந்த காலத்துல இருந்தே தெரியும்."

"பின்ன இவ்வளவு நாளா உங்களுக்காக ஏன் கேக்கல்ல?"

"எனக்கு அவசரம் இல்லியே டீச்சர்," என்றார்.

அவருக்காக நான் எத்தனை கோடு பொருத்திக் கொடுத்திருப்பேன். கோபம் வர வேண்டிய இடம். ஆனால் அவர் அதைச் சொன்ன முகத்தில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஏதோ நான்தான் புரியாமல் கேட்டுவிட்டது போல இருந்தது.

அண்ணன் காரில் மூவரும் போனோம். எங்கள் ஊர்க் கொப்பரையைத் திரித்து ஒரு பையில் எடுத்துக்கொண்டோம். அந்தத் தோழி வெள்ளைக் கோட்டுப் போட்டு வாசலிலேயே நின்றாள். வேலையைத் தொடங்குவதற்கு முன், "ஆதியம் இதைக் கண்டிட்டு வா," என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி அவரை ஒரு சின்ன எஃகு உருளைக்கு முன்னால் கூட்டிப்போனாள். அதில் ரூபாய்க் காசு அளவில் ஒரு தடித்த கண்ணாடி ஜன்னல் இருந்தது. உள்ளே பாதிக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ தெரிந்தது. அந்த வாயுதான், அழுத்தத்தில் திரவமாக நின்றது. மேல் பாதியில் அதே வாயு, வாயுவாகவே. நடுவில் தண்ணீர்மட்டம் போல ஒரு கோடு.

அவள் சூட்டைக் கூட்டினாள். அவர் முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். நாங்கள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தோம். அந்தக் கோடு மெல்ல மங்கியது. பிறகு இல்லை.

"கோடு எங்க?" என்றான் அண்ணன்.

"போயி," என்றாள் அவள்.

"இன்னொரு தடவை காட்டுவியா?" என்று அவர் கேட்டார். அவள் ஆறவிட்டாள். உள்ளே மூடுபனி மாதிரி வெளுத்து, கோடு திரும்ப வந்தது. மறுபடி சூடாக்கினாள். அவர் நகரவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் கணக்கில் மட்டும் வைத்திருந்ததை முதல்முறையாகப் பார்க்கிறார், ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"இதுக்குச் சத்தமே கிடையாதா?" என்று மட்டும் அவளிடம் கேட்டார்.

அதற்குப்பிறகு எங்கள் கொப்பரைத் தூளைப் பெரிய கருவிக்குள் வைத்தார்கள். அண்ணன் வாங்கப்போகும் மெஷின் தாங்குகிற அதே அழுத்தம். முதலில் நாற்பது டிகிரி, பிறகு அறுபது. வாயுவை மிக மெதுவாக விட்டு, இறங்கிய எண்ணெயை நிறுத்துப் பார்த்தார்கள். புதுத்தூள் போட்டு இரண்டையும் திரும்பச் செய்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. சாயங்காலம் அவர் எண்களை எங்களிடம் காட்டினார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசமே இல்லை.

"இஞ்சதான்," என்றார்.

"என்னது சார்?" என்றான் அண்ணன்.

"நான் சொன்னேன்லா, கீழ ஒரு மாதிரி, மேல நேர் எதிர்னு. நம்ம தேங்காய்க்கு அந்த எடம் இதுதான். உங்க மெஷின் சரியா அதுலயே நிக்கி. இதுல சூடாக்கினா கூடவும் கூடாது, கொறயவும் கொறயாது."

"அப்பம் அவன் எழுதிக் குடுத்த கணக்கு?"

"நடக்காது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு நேரான சொல் வந்து நான் கேட்டது அன்றுதான். அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். தோழி அவர் முதுகில் தட்டினாள். ஆளாளுக்கு அளந்த புள்ளிகள் ஏன் சிதறிக் கிடந்தன என்பதும் இப்போது விளங்குகிறது, எல்லோரும் இந்த இடத்தைச் சுற்றித்தான் அளந்திருக்கிறார்கள், இதை எழுதினாலே அவருக்கு டாக்டர் பட்டம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவர் துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மார்த்தாண்டத்தில் டீக்கு நிறுத்தினோம். அவர் தள்ளிப்போய் நின்று போன் செய்தார். நான் அவருக்கு டீ கொண்டுபோன போது அவர் பேசியது காதில் விழுந்தது.

"தெளிஞ்சுட்டு." கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல, நான் வருதேன். வருதேன்னு சொன்னேன்லா."

பேசி முடித்தபிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார். நான் டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

அந்த செமஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். அவர் அம்மா அவருடைய தங்கை வீட்டுக்குப் போனாள். ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அங்கே போய் எழுதுகிறேன் என்றார். எழுதவில்லை. அவருடைய வழிகாட்டி சில தடவை எங்கள் ஆசிரியர் அறைக்குப் போன் செய்து விசாரித்தார். குழம்பிக் கிடந்த காலமெல்லாம் அதைவிட்டு நகராத மனிதர், விடை கிடைத்தவுடன் எழுந்து போய்விட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

அண்ணன் மெஷின் வாங்கவில்லை. வயலையும் விற்கவில்லை. கோட்டாறில் டைல்ஸ் கடை வைத்தான். அதே மெஷினை வேறொருவர் வாங்கி, தேங்காயை விட்டுவிட்டு இஞ்சியும் ஏலமும் போட்டு நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தார். வியாபாரம் மந்தமான நாளில் அண்ணன், "அந்த ஆளு குழப்பல்லன்னா நான் இப்பம் எங்கயோ இருப்பேன்," என்பான். அம்மா வயல் நெல்லை அவிக்கிற நாளில், "அந்த மனுசன் இல்லன்னா நாம தெருவுல நின்னிருப்போம்," என்பான். இரண்டையும் மனதாரத்தான் சொன்னான்.

சில ஆண்டுகள் கழித்து அண்ணன் மகளுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். எண்ணெய் சாரும் குடும்பமும் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பது தெரிந்து, அண்ணனே போய்ப் பத்திரிகை வைத்தான். மூன்று பேரும் வந்தார்கள். அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை என்றார். நன்றாகப் பேசினார், தன் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னார். அதற்குள் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் மனைவியை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். குள்ளமான, களைத்த முகமுள்ள பெண். பந்திக்குக் காத்து நின்றபோது என்னருகில் வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி அந்த லேபுல என்ன நடந்து?"

நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஏன்?"

"அன்னைக்கி போன் பண்ணி வருதேன்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடல்ல. நான் அவரை வரச் சொன்னதே இல்ல டீச்சர். ஒரு நாளும் சொன்னதில்ல. இருந்து முடிச்சுட்டுப் பைய வாங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன், கேக்கல்ல."

எங்கள் ஆசிரியர் அறை அத்தனை ஆண்டுகள் பேசியது எல்லாம் என் நினைவுக்கு வந்தது.

"இப்பம் கணக்கெல்லாம் போடுதாரா?"

"தொடுததே இல்ல. நான் மேசை வாங்கிப் போட்டிருக்கேன். மக அதுல இருந்து படிக்கா."

மண்டபத்தின் மறுபக்கத்தில் அவர் பாயசக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தார். மகள் முன்னால் வழி விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ இடித்ததில் கொஞ்சம் தளும்பிச் சட்டையில் சிந்தியது. அவர் சிரித்தார்.

"சந்தோசமாத்தான் இருக்காரு, இல்லியா?" என்று நான் அவளிடம் கேட்டேன்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்," என்றாள்.